தாய் இறந்தால் யாரிடம் உத்தரவு கேட்பது?

திருகோணமலைத் தபாற்கந்தோரில் தந்தி மேசையில் பல வருடம் இருந்தவன் நான். அந்த மேசைக்கு வந்த ஆங்கிலச் சொற்களில் இரண்டு இன்றைக்கும் காதில் நிற்கின்றன: ‘எக்ஸ்பயர்ட்’, ‘சீரியஸ்’. மாத்தறை, குருநாகல், கேகாலை என்று எங்கெங்கோ இருந்து அவை வரும். டொக்யாட்டுக்குள் இருக்கும் ஒரு நேவிக்காரனுக்கு, சீனக்குடாவில் விமானப்படையில் இருக்கும் ஒருவனுக்கு, கோட்டைக்குள் இருக்கும் ஓர் ஆமிக்காரனுக்கு. சொல்லுக்கு இவ்வளவு காசு என்ற கணக்கு இருந்ததால் எவரும் நீட்டி எழுதுவதில்லை. தாய், இறந்தார், உடனே வா. அவ்வளவுதான். ஒப்பாரிக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது.

வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலத்திலேயே ஒரு சங்கதி பிடிபட்டது. ‘சீரியஸ்’ என்று வந்தால் பெரும்பாலும் ஆள் முடிந்திருக்கும். இரவு பஸ்ஸில் தனியே வரப்போகிற பிள்ளை வழியில் உடைந்துபோகக் கூடாது என்று வீட்டார் இறந்தவரைத் தந்தியில் உயிரோடு வைத்திருப்பார்கள். ‘எக்ஸ்பயர்ட்’ என்று வருவதில் சிலது இதற்கு மாறாக இருக்கும். தாய் கட்டிலில் இழுத்துக்கொண்டு கிடப்பாள். கடைசியாக ஒருதரம் மகனைப் பார்க்க ஆசைப்படுவாள். வருத்தம் கடுமை என்றால் மேலதிகாரி யோசிப்பார், செத்துவிட்டாள் என்றால் லீவு தருவார். ஆகவே உயிரோடு இருக்கிறவளைத் தந்தியில் சாகடிப்பார்கள். ஒருவனுக்கே மூன்று பாட்டிமார் ஒரே வருடத்தில் செத்த கதை எங்கள் கந்தோரில் பகிடியாக உலாவியது. சிரித்தோம்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது எது என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

பொய் ஒன்றும் புதிது அல்ல. தசரதன் இறந்தபோது பரதன் கேகய நாட்டில் பாட்டனார் வீட்டில் இருந்தான். வான்மீகத்தில் அமைச்சர்கள் மன்னனின் உடலை எண்ணெய்க் கொப்பரையில் இட்டு வைக்கிறார்கள், பிறகு வசிட்டர் தூதரை அனுப்புகிறார். தந்தை இறந்ததைச் சொல்லவேண்டாம், அவசர அலுவல் என்று மட்டும் சொல்லி அழைத்துவாருங்கள் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை. எங்கள் மேசைக்கு வந்த ‘சீரியஸ்’ தந்தியும் அந்தத் தூதரும் ஒரே பரம்பரை.

பொய்த்தந்தி பெருகப் பெருகப் படைக்காரர் சாட்சி கேட்கத் தொடங்குவார்கள். கிராம சேவையாளரின் கடிதம், மரணச் சான்றிதழ், பொலிஸிலிருந்து ஒரு வரி. அமெரிக்கப் படையில் இதற்கென்றே ஓர் ஒழுங்கு இருக்கிறது. வீட்டார் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அறிவிப்பார்கள். சங்கம் வைத்தியசாலையிலோ மலர்ச்சாலையிலோ விசாரித்து உறுதிசெய்து படையணிக்குச் சொல்லும். அதன் பிறகும் லீவு கொடுப்பதா இல்லையா என்பது தளபதியின் முடிவு. சாவுக்குச் சாட்சி சொல்ல மூன்றாம் ஆள் வேண்டும், சாட்சி சொன்ன பின்னும் நாலாம் ஆள் மனம் வைக்கவேண்டும்.

இளைப்பாறிய பிறகு புத்தகங்களோடு இருக்கும் நாட்களில் என்னை விடாத கேள்வி இதில்தான் தொடங்கியது. லீவு என்பது ஒருவர் தருவது. தருவதென்றால் தராமலும் விடலாம். பெற்றவளுக்குப் பிள்ளை செய்யவேண்டிய கடைசிக் காரியம், இன்னொருவர் தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை என்ற கணக்கில் வரக்கூடியதா?

மனுஸ்மிருதியை நான் மதித்து வாசிப்பவன் அல்ல. அதில் எனக்கு அருவருப்பான இடங்கள் நிறைய. ஆனால் சாவுத் தீட்டான துடக்கைப் பற்றிச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயத்தில் இந்தக் கேள்விக்கு நேராகவே ஒரு பதில் வைத்திருக்கிறது. தூர தேசத்தில் இருப்பவனைப் பற்றி முதலில் பேசுகிறது. இறந்து பத்து நாளுக்குள் செய்தி கேட்டால், மிச்ச நாட்களுக்குத் துடக்கு. பத்து நாள் கழித்துக் கேட்டால் மூன்று இரவு. ஒரு வருடம் போய்விட்டது என்றால் முழுகினால் போதும். செய்தி கால்நடையாகப் போன காலத்தில் எழுதிய விதி. தூரத்தை மன்னிக்கிற விதி. அதில் மனிதத்தனம் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளிப் போனால் வேறு குரல் கேட்கிறது. அரசனுக்குத் துடக்கு இல்லை, ஏனென்றால் அவன் குடிகளைக் காக்கிற ஆசனத்தில் இருக்கிறான். விரதம் பூண்டவர்களுக்கும் நெடுவேள்வியில் இருப்பவர்களுக்கும் இல்லை. இந்தப் பட்டியலின் கடைசியில், அரசன் எவனுக்குத் துடக்கு வேண்டாம் என்று விரும்புகிறானோ அவனுக்கும் இல்லை என்று வருகிறது. முதல் தடவை வாசித்தபோது நான் அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன். அரசு தன் வேலையாளைத் துக்கத்திலிருந்து விடுவித்துக்கொள்ளலாம் என்று சாத்திரமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறது. லீவை மறுக்கிற அதிகாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? உனக்குத் துடக்கே இல்லை, ஆகவே நீ போகவேண்டிய தேவையும் இல்லை, போய் வேலையைப் பார்.

நியாயம் இல்லாமலும் இல்லை. காவல் நிற்கிறவன் எல்லாரும் ஒரே நாளில் செத்தவீட்டுக்குப் போனால் வாசலில் யார்? துறைமுகத்தில் ஒரு படகு புறப்பட ஆறு பேர் வேண்டும் என்றால் ஐந்து பேரோடு அது போகாது. இதைச் சொல்கிறவனைக் கல்நெஞ்சன் என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் துடக்கு இல்லை என்று அறிவிப்பதும், உன் துடக்கை நான் மதிக்கிறேன், ஆனாலும் இன்றைக்கு உன்னை விடமுடியவில்லை என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதில் கடன் கடனாகவே நிற்கிறது. முதலாவது கடன் பத்திரத்தையே கிழித்துவிடுகிறது.

இதற்கு மறுப்பைத் தேடி நான் வெளியே போகவேண்டியிருக்கவில்லை. மகாபாரதத்தில் இருக்கிறது. குருக்ஷேத்திரத்தில் 18 நாளும் எவனுக்கும் துக்கத்துக்கு விடுப்பு இல்லை. அபிமன்யு பதின்மூன்றாம் நாள் விழுகிறான், அடுத்த நாள் பொழுது சாயுமுன் சயத்திரதனைக் கொல்லுவேன் என்று அருச்சுனன் சபதம் செய்கிறான். அழுகையைக் கோபமாக மாற்றிக்கொள்ள மட்டும்தான் படைக்களத்தில் நேரம் இருக்கிறது. எந்தப் படைக்கும் அது வசதியும்கூட. போர் முடிந்தபின் கங்கைக்கரையில் எல்லாருக்கும் நீர்க்கடன் செய்கிறார்கள். அதற்குப் பிறகு தருமன் நேரே அத்தினாபுரத்துக்குள் போய்ச் சிம்மாசனத்தில் ஏறவில்லை. பாண்டவர்கள் ஒரு மாதம் நகருக்கு வெளியே, ஆற்றங்கரையில் துடக்குக் காத்தார்கள் என்றுதான் சாந்தி பருவம் தொடங்குகிறது. மனுவின் கணக்குப்படி துடக்கே இல்லாத அரசன், நாடு காலியாகக் கிடக்கும்போது, ஒரு மாதம் வெளியே இருந்தான். அந்த ஒரு மாதத்துக்கு அவன் எவரிடமும் உத்தரவு கேட்கவில்லை, தனக்கிருந்த விலக்கையும் எடுத்துக்கொள்ளவில்லை. சாத்திரம் தந்த வசதியை வேண்டாம் என்று வைத்தவனைத்தான் நாங்கள் தருமன் என்கிறோம்.

உவர்மலையிலிருந்து வேலைக்கு வரும் கத்தோலிக்க நண்பர் ஒருவர் இருந்தார். அவரிடம் இதைச் சொன்னபோது, “எங்கட ஆண்டவர் லீவு குடுக்கேல்லை” என்றார் சிரிக்காமல். மத்தேயுவிலும் லூக்காவிலும் இருக்கிறது. பின்னால் வர ஒப்புக்கொண்ட ஒருவன், முதலில் போய்த் தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வர விடைகேட்கிறான். இறந்தவர்களை இறந்தவர்கள் அடக்கம் செய்யட்டும், நீ வா என்று பதில் வருகிறது. அவசரகால விடுப்பு விண்ணப்பமும் அதன் நிராகரிப்பும் இவ்வளவு வெளிப்படையாக வேறெந்த வேதத்திலும் இருக்குமா தெரியாது. அந்தத் தகப்பன் உண்மையில் அப்போது செத்திருக்கவில்லை, வயது போனவரை வைத்துப் பார்த்து முடித்துவிட்டு வருகிறேன் என்பதுதான் பொருள் என்று சில குருமார் சமாதானம் சொல்வார்களாம். நண்பருக்கு அந்தச் சமாதானம் பிடிக்காது. சொன்னது சொன்னதுதான், கடினமாக இருந்தால் கடினமாகவே இருக்கட்டும் என்பார். தன் தகப்பனுக்கு மட்டும் அவர் எல்லாம் முறைப்படி செய்தார், முப்பதாம் நாள் பூசை உட்பட.

எனக்கு அந்த மறுப்பில் ஒரு நேர்மை தெரிகிறது. போகவேண்டிய கடமை இல்லை என்று அது சொல்லவில்லை. இருக்கிறது, அதைவிடப் பெரிதொன்று கூப்பிடுகிறது என்கிறது. கூப்பிடுகிறவர் கடவுளாக இருக்கும்போது அப்படிச் சொல்லலாம். ஒரு முகாம் பொறுப்பதிகாரி சொல்லலாமா?

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பாறையின் பிளவை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. இராவணன் வெட்டு. தாய் வணங்குவதற்காகச் சுவாமி மலையையே பெயர்த்துக்கொண்டு போக வந்தான், வாளால் வெட்டினான், ஈசன் பாதத்தை ஊன்றினார் என்பது கதை. அதன் மிச்சம் நகரிலிருந்து அனுராதபுரம் றோட்டில் கொஞ்சத் தூரம் போனால் கன்னியாவில் இருக்கிறது. மகனுக்கு என்ன நடந்ததோ என்ற ஏக்கத்தில் தாய் உயிர்விட்டாள். அந்தச் செய்தியைத் திருமால் கிழவராக வந்து இராவணனுக்குச் சொன்னார். காரியம் செய்யத் தண்ணீர் வேண்டுமே என்று ஏழு இடத்தில் கோலை ஊன்றினார், ஏழு வெந்நீர் ஊற்று எழும்பியது, அங்கே தாய்க்கு அந்தியேட்டி செய்தான். சொல்கிறவரைப் பொறுத்துக் கதை கொஞ்சம் மாறும். தன் வாளால் இராவணனே ஏழு இடத்தில் குத்தினான் என்பவர்களும் உண்டு. தாய் சாகவேயில்லை, அவன் மலையைக் கொண்டுபோகாமல் தடுக்கத் திருமால் பொய்ச்செய்தி சொன்னார் என்பவர்களும் உண்டு. அந்தக் கடைசிப் பாடத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு எங்கள் மேசையின் ‘எக்ஸ்பயர்ட்’ தந்திகள்தான் நினைவுக்கு வந்தன.

கிணறு என்றுதான் சொல்கிறோம். ஏழு சின்னச் சதுரத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். திருகோணமலைச் சைவர்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் அங்கே போவது தலைமுறை வழக்கம். பிண்டம் வைத்து, முழுகி எழும்பினால்தான் செத்தவீடு முடியும். இடம் இப்போது தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. பழைய பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் என்ன கட்டுவது என்பதில் எழுந்த தகராறு 2019 ஜூலையில் தெருவுக்கு வந்து நீதிமன்றம் வரை போனது. அது வேறு கட்டுரை.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒன்றுதான். இராவணன் அப்போது போரில் இருக்கிறான். ஈசனோடேயே பலம் பார்க்கிறான், தோற்றிருக்கிறான். அவனுக்குச் செய்தி கொண்டுவந்தவர் அவன் ஆள் அல்ல. இராமனாக வந்து அவனைக் கொல்லப்போகிறவரேதான். தடுக்கத்தான் வந்தார், சரி. ஆனால் தடுத்த விதம் என்ன? தாய் செத்துவிட்டாள், போய்ச் செய்யவேண்டியதைச் செய் என்றார், தண்ணீரையும் தானே கொடுத்தார். காரியம் நடக்கும்போது அவன்மேல் கை வைக்கவில்லை. தாய்க்குக் கடன் கழிக்கிறவனை அந்த நேரத்துக்குப் பகைவன் என்று எண்ணாமல் விட்டார்.

1983 ஜூலை 26ஆம் திகதி கடற்படையினர் பலர் முகாமை விட்டு வந்து திருகோணமலை நகருக்குள் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீவைத்தார்கள். பதிவில் உள்ள சம்பவம், நான் விவரிக்கத் தேவையில்லை. அந்த வருடம் ஆவணியில், ஊர் இன்னும் கரிமணத்தோடு இருந்த நாட்களில், டொக்யாட்டுக்குள் இருக்கும் ஒருவனுக்குத் தென்னிலங்கையிலிருந்து ஒரு தந்தி வந்தது. தாய் எக்ஸ்பயர்ட். எங்கள் தந்திப் பியோன் தமிழ்ப் பொடியன். கடிதவுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“இது இண்டைக்கே குடுக்கத்தான் வேணுமோ ஐயா?”

“குடுக்கத்தான் வேணும் தம்பி.”

“நாளைக்குக் குடுத்தாலும் தந்திதானே.”

“நாளைக்குக் குடுத்தா அவன் பெட்டி மூடினாப்பிறகு போய்ச் சேருவான்.”

அவன் சைக்கிளை எடுத்தான். முகத்தில் இணக்கம் இருக்கவில்லை. அவன் கேட்டது கெட்ட கேள்வி என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. தீ வைத்தவர்களில் அந்த மகனும் ஒருவனாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எங்களுக்கு அறிய வழியில்லை, அறிந்திருந்தாலும் விஷயம் மாறாது என்பதுதான் என் கட்சி. தந்தியின் உண்மையான உரித்தாளி அந்த மகன் அல்ல. யாரோ ஒரு கிராமத்தில் வெள்ளைக்கொடி கட்டிய வீட்டில் கிடத்தப்பட்டிருந்த மனுசிதான். அவள் எங்கள் கடை எதையும் எரிக்கவில்லை. அவளுடைய நேரத்தில் ஒரு நாளை வெட்டிக்கொள்ள எனக்கு அதிகாரம் இருந்தது. உரிமை இருக்கவில்லை.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். உத்தரவு கேட்டு நின்றவர்கள் சீருடைக்காரர் மட்டும் அல்ல, அவர்களைவிட அதிகமாக நாங்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 றோட் மூடப்பட்டபின் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருவதற்குக் கப்பல் ஒரு வழி. அது வந்து சேருவது எங்கள் துறைமுகத்துக்கு. ஏறுவதற்கு ஆமியின் கிளியறன்ஸ் வேண்டும். விண்ணப்பித்துப் பெயர் வரும்வரை காத்திருக்கவேண்டும். கொழும்பில் தகப்பன் செத்துப் போக, மகன் இங்கே இறங்கும்போது எட்டுச்செலவும் முடிந்திருக்கும். வன்னியிலிருந்து வெளியே வரப் புலிகள் இயக்கத்திடம் பாஸ். பிணை நிற்க ஓர் ஆளை விட்டுவிட்டுத்தான் பலர் வந்தார்கள். சிவப்புக்கண்ணோடு கடிதத்தை நீட்டுகிறவனைப் பார்த்து, இறந்தது உண்மையில் உன் தாய்தானா என்று கேட்கிற தொழில் இரண்டு பக்கத்திலும் இருந்தது.

இயக்கம் இறந்தவர்களிலேயே கை வைத்தது. சைவக் குடும்பத்துப் பிள்ளையைச் சுடலையில் எரிக்காமல் மாவீரர் துயிலும் இல்லத்தில் விதைத்தார்கள். தகப்பனுக்குப் பிள்ளையும் பிள்ளைக்குத் தகப்பனும் கொள்ளி வைக்கிற முறை அங்கே நின்றுபோனது. பெற்றோர் நவம்பர் 27இல் வந்து விளக்கேற்றலாம். சில தாய்மாருக்கு அது பெருமையாகவும் ஆறுதலாகவும் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். போர் முடிந்தபின் அரசாங்கம் அந்த இல்லங்களை இயந்திரம் கொண்டு தரைமட்டமாக்கியது. ஒரு தரப்பு எடுத்துக்கொண்டதை மறுதரப்பு அழித்தது. இரண்டிலும் தாயிடம் எவரும் கேட்கவில்லை.

பிரித்தானியர் காலத்திலும் இதே சட்டம்தான், கொஞ்சம் மரியாதையோடு. நிலாவெளி றோட்டில் உப்புவெளியில் போர் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலிலும் இரண்டாம் உலகப் போரின் மற்றக் காலங்களிலும் இறந்தவர்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோவதில்லை என்பது அன்றைய விதி. வீட்டாருக்கு விட்டுக்கொடுத்தது கல்லின் அடியில் தாங்கள் விரும்பிய ஒரு வரி, அதுவும் எழுத்துக்கு வரையறை வைத்து. இங்கிலாந்தில் ஒரு தாய் எழுத்தெண்ணி அனுப்பிய வரியை அங்கே நின்று வாசித்தால் தந்தி மேசைக்காரனுக்கு அந்நியமாகத் தெரியாது.

என்னோடு வேலைசெய்த சிங்கள நண்பர் ஒருவரின் தம்பி பிக்கு. அவர் சொல்லித்தான் விநயத்தில் இந்தக் கேள்விக்கு இடம் இருப்பது எனக்குத் தெரிந்தது. மாரிகாலத்தில் மூன்று மாதம் பிக்கு ஓரிடத்திலேயே வஸ் இருக்கவேண்டும், வெளியே போய்த் தங்கக்கூடாது. அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏழு நாள். தாய்க்கோ தகப்பனுக்கோ வருத்தம் என்று அறிந்தால் அவர்கள் ஆளனுப்பாவிட்டாலும் போகலாம். சகோதரர், மற்ற உறவினர் என்றால் ஆளனுப்பிக் கூப்பிட்டால் போகலாம். ஏழு நாளுக்குள் திரும்பிவிடவேண்டும். வீட்டைத் துறந்தவனுக்கு வகுத்த விதி இது என்பதை மறந்துவிடக்கூடாது. பந்தத்தை அறுக்கச் சொன்ன புத்தரே, தாய் படுத்துவிட்டாள் என்றால் கூப்பிடும்வரை நிற்கவேண்டாம் என்றார்.

இதில் இரண்டு விஷயம் என்னை ஆட்டியது. ஒன்று, இந்த விடுப்புச் சாவுக்கு அல்ல, நோய்க்கு. தாய் கண் திறந்து பார்க்கிற நேரத்துக்குக் கொடுத்திருக்கிறது. இந்த விதி முகாம்களில் இருந்திருந்தால் எங்கள் மேசைக்குப் பொய்ச்சாவுத் தந்தி ஒன்றும் வந்திராது. மற்றது, ஆளனுப்பாவிட்டாலும் என்ற சொல். சாட்சிக்கடிதம் கேட்கவில்லை. பிக்குவின் வாயை நம்புகிறது. நண்பரிடம், இந்த நாட்டின் படைகளில் பெரும்பான்மையோர் பௌத்தர், விநயத்தில் இருப்பதைப் படையில் வைத்தால் என்ன என்றேன். “பிக்கு ஏமாத்தினா அவருக்குத்தான் ஆபத்து. சிப்பாய் ஏமாத்தினா கப்பலுக்கு ஆபத்து” என்றார். அந்தப் பதிலை என்னால் முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

லீவு கிடைத்தவன் வீடு போய்ச் சேருவான் என்பதும் நிச்சயமில்லாத காலம் அது. 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி ஹபரணைக்கு அருகே திகம்பத்தனையில், திருகோணமலையிலிருந்து லீவில் போகிறவர்களும் லீவு முடிந்து வருகிறவர்களும் பஸ் மாறுகிற இடத்தில், வெடிமருந்து ஏற்றிய லொறி ஒன்று மோதியது. தாக்குதல் புலிகளுடையது என்றே கொள்ளப்பட்டது. தொண்ணூறுக்கு மேற்பட்ட கடற்படையினர் இறந்தார்கள். நான் அப்போது இளைப்பாறியிருந்தேன். அந்த பஸ்களில் ஒன்றிலாவது செத்தவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன் இருந்திருப்பான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஊரில் சிலர் அந்தச் செய்தியைக் கேட்டு முகம் மலர்ந்தார்கள். 1983ஐ அனுபவித்தவர்களிடம் நான் என்ன சொல்ல? ஆனால் கன்னியாவில் முழுகுகிறவர்கள் லீவில் போகிறவனின் சாவில் மலரக்கூடாது என்று மட்டும் ஒருவரிடம் சொன்னேன். அவர் என்னோடு பிறகு அதிகம் பேசவில்லை.

கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களுக்கு இந்தத் தவிப்பு இன்னும் கூர்மை. ஜனாஸாவைத் தாமதிப்பதில்லை. தூரத்தில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைத்தாலும் மையித்து முகம் கிடைக்காது. ஆனால் அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அபிசீனிய மன்னர் நஜாஷி இறந்தபோது நபிகள் மதீனாவில் இருந்தபடியே அவருக்கு ஜனாஸாத் தொழுதார்கள். அதைக்கொண்டு ஷாஃபி மத்ஹபில் மறைவான ஜனாஸாவுக்குத் தொழலாம். இங்குள்ளவர்கள் ஷாஃபிகள். ஆகவே மகன் நின்ற இடத்தில் நின்று தொழுகிறான். அதற்கு எவருடைய கையெழுத்தும் தேவையில்லை.

தந்தி போய்விட்டது. இப்போது சாவு நடந்த நிமிடத்திலேயே செய்தி உலகம் முழுக்கப் போய்விடுகிறது. ஆள்தான் வருவதில்லை. எங்கள் ஒழுங்கையில் போன வருடம் ஒரு செத்தவீடு. மூத்த மகன் ஐரோப்பாவில். அகதி வழக்கு முடியவில்லை, நாட்டை விட்டுக் கால் எடுத்து வைத்தால் வழக்குப் போய்விடும். அவனும் ஒருவகையில் முகாமில் இருப்பவன்தான், லீவு கேட்க மேலதிகாரி இல்லாத முகாம். சுண்ணம் இடித்தது, வாய்க்கரிசி போட்டது, பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தது எல்லாம் கைத்தொலைபேசியில் அவனுக்குப் போனது. இளையவன் கொள்ளி வைத்தான்.

அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனபோது ஐயரிடம் நான் மனுவின் கணக்கைக் கிளப்பினேன். கேட்ட நேரத்திலிருந்து துடக்கு என்றால், நேரே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எங்களோடுதானே தொடங்கியது? எங்களோடுதான் என்றார். அப்படியென்றால் அவனுக்கும் இன்றைக்கே முடிந்துவிட்டதா? அவர் உடனே சொல்லவில்லை. அந்த விதியை எழுதினவர்கள் செய்தி பிந்தும் என்று நினைத்தார்கள், உத்தரவு பிந்தும் என்று நினைக்கவில்லை என்றார். பிறகு தருப்பையை எடுத்து வைத்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார்: துடக்கு அங்கேயே கழியட்டும், முழுகிவிட்டு வேலைக்குப் போகட்டும், இங்கே செய்யவேண்டியதை இளையவன் செய்வது மூத்தவனுக்கும் சேரும். வழக்கு முடிந்து வருகிற வருடம், அது எந்த வருடமானாலும், வந்து இந்த ஏழிலும் அள்ளி ஊற்றிக்கொள்ளட்டும்.

“வரவே முடியாமப் போனா?” என்றேன்.

“அவற்ற பேரில ஆடி அமாவாசைக்கு நான் ஊத்திறன்” என்றார். “அதுக்கு ஆர் எனக்கு உத்தரவு தரவேணும்?”